சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் மொரீஷியஸில், வாக்குவா ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நூலகப் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது. புத்தகங்கள் கண்ணாடி அலமாரிகளில் பூட்டியே இருக்கின்றன, சாவி அலுவலகத்தில் இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் மழைக்கு ஒதுங்கவும் டியூஷன் கணக்கைப் பார்த்து எழுதவும்தான். ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு மாணவரும் மூன்று புத்தகம் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தர வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று எங்கள் ரெக்டர் (தலைமையாசிரியர்) ஒரு திட்டம் வைத்திருக்கிறார். தமிழ் அலமாரியின் நிலையோ சொல்லும்படி இல்லை. தமிழைப் பாடமாக எடுத்த பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பெற்றோரிடம் பேசினால், "ரோமான் (நாவல்) படித்தால் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட் தேர்வு) பாஸாகிவிடுமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
— தமிழாசிரியை, வாக்குவா

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மழைக்கு ஒதுங்க வருகிறார்கள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் பள்ளி நூலகங்களில் இருந்தவள் சொல்கிறேன், பிள்ளைகளே எட்டிப் பார்க்காத நூலகத்தில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற வேதனை வேறில்லை. உங்களிடம் பிள்ளைகள் வருகிறார்கள். எதற்காக வந்தால் என்ன? வாக்குவாவில் மழைக்குப் பஞ்சமா? வருகிறவர்களை "படிக்க வரவில்லையென்றால் வெளியே போ" என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தபோது அவருக்கும் நூலகப் பயிற்சி இருந்ததில்லை. வந்த புதிதில் அந்த வேலை பிடிக்காமல் மறுபடி வகுப்பறைக்கே போய்விட நினைத்தவர். அவர்தான் பிறகு 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். அவற்றில் முதல் விதி: புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் அதைத்தான் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு அந்த ஒரு வரியே போதும் என்று நான் நம்புகிறேன்.

அந்த வரியை வைத்துக்கொண்டு உங்கள் கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். பூட்டு எதற்கு? தொலைந்துவிடும் என்பார்கள். தொலையும். வருஷத்துக்குச் சில புத்தகம் தொலையத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஊர் ஈரத்தில் பூட்டிய அலமாரிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாள் திறந்து பாருங்கள். நான் மேட்டுப்பகுதிப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பல காலம் பூட்டிக் கிடந்த ஓர் அலமாரியைத் திறந்தேன். வரிசையாக, அழகாக, ஒரு கசங்கலும் இல்லாமல் நின்றன. ஒன்றை இழுத்தேன், பக்கத்துப் புத்தகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சை. உள்ளே விரித்தபோது காய்ந்த வாழைச்சருகைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசிப் பக்கத்து அட்டையில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. யாரும் திருடவில்லை, யாரும் கிழிக்கவில்லை, ஆனாலும் அத்தனையும் போய்விட்டன. காற்றும் கையும் பட்டால்தான் இந்தத் தீவில் புத்தகம் பிழைக்கும். ரெக்டரிடம் சாவி கேட்கும்போது இதையே காரணமாகச் சொல்லுங்கள். புத்தகத்தைக் காப்பாற்றத்தான் திறக்கிறேன் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

திறந்த பிறகு கழிக்கவும் வேண்டும். இது பலருக்கு மனம் வராத வேலை. புத்தகத்தைத் தூக்கிப் போடுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆனால் பாதி பூஞ்சை பிடித்த அறிவியல் களஞ்சியமும் பழைய பாடத்திட்டத்துக் கைடுகளும் நெருக்கி நிற்கும் தட்டில், ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் கண் எங்கேயும் நிற்காது. பாதியை எடுத்துவிட்டு மீதியில் சிலவற்றின் முகப்பு அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். முதுகு மட்டும் தெரியும் புத்தகத்தை ஏற்கெனவே தேடி வந்தவன்தான் எடுப்பான். எதைத் தேடுவது என்றே தெரியாத பிள்ளைக்கு முகம் தெரிய வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை போடுங்கள், பத்துப் புத்தகத்துக்கு மேல் வைக்காதீர்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

இனி ரெக்டரின் திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய ஆபத்து அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த நான்காவது ஆண்டு. நான் இருந்த பள்ளியில், அதிகப் புத்தகம் படிக்கிறவருக்குப் பரிசு என்று அறிவித்தேன். படித்ததற்குச் சான்றாக அரைப் பக்கச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். நூலகம் நிரம்பி வழிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது புத்தகம் வெளியே போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிரேடு 8 மாணவி ஒருத்தி முதல் பரிசு வாங்கினாள். அவள் எழுதிக்கொடுத்த காகிதங்களை விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் பின்னட்டையில் இருந்த வரிகள். சொற்களை இடம் மாற்றி, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அவள் ஏமாற்றினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் என்ன கேட்டேனோ அதைத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். காகிதம் கேட்டேன், காகிதம் வந்தது. பரிசளிப்புக்குப் பிறகு அந்தப் பெண் ஒருநாள்கூட நூலகத்துக்கு வரவில்லை. மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை மட்டும் அந்தப் போட்டி மற்றப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனது.

நாம் பெரியவர்கள் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும் யாராவது வந்து "ஒரு பக்கம் எழுதிக் கொடு, பத்துக்கு எத்தனை என்று போடுகிறேன்" என்றால் அடுத்த புத்தகத்தைத் தொடுவோமா? பிள்ளைக்கு ஏற்கெனவே நாள் முழுக்கக் கேள்விக்குப் பதில் எழுதுகிற வேலைதான். இரண்டரை மணிக்குப் பள்ளி விட்டால் டியூஷன், சனிக்கிழமையும் டியூஷன். அவன் வாழ்க்கையில் மதிப்பெண் போடாத ஒரே அறை உங்கள் நூலகமாக இருக்கட்டும். படித்ததைப் பற்றிப் பேச அவனுக்கே ஆசை வந்தால் பேசுவான். நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பாதியில் வைத்துவிட்டால் வைத்துவிடட்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடத் தெரிந்தவன்தான் பிடித்ததைத் தேடுவான்.

ரெக்டருக்குக் காட்ட ஏதாவது வேண்டும், அது எனக்கும் தெரியும். அவரை எதிர்த்து நிற்க வேண்டாம். சுருக்கத்துக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையில் இருபது நிமிஷம், வகுப்பே உட்கார்ந்து அவரவர் எடுத்த புத்தகத்தை அமைதியாகப் படிக்கட்டும். ஆசிரியரும் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தக் கூடாது. மாதக் கடைசியில் எத்தனை பிள்ளைகள் எத்தனை புத்தகம் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையை நீங்களே பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எண்ணிக்கை வேண்டும் என்பவருக்கு எண்ணிக்கை கிடைத்துவிடும், அந்தப் பாரம் பிள்ளையின் தோளுக்கு வராது.

அவரிடம் பேச உதவும் இரண்டு செய்திகள். உலக அளவில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பிசா ஆய்வில், 2018-இல் பிள்ளைகளிடம் வாசிப்பைப் பற்றியும் கேட்டார்கள். "கட்டாயம் இருந்தால் மட்டும்தான் படிப்பேன்" என்பதைப் பணக்கார நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் தனியாகக் கெட்டுப்போய்விடவில்லை. இன்னொன்று, அதே ஆய்வின் 2000-ஆம் ஆண்டு முடிவுகளில் கிடைத்தது. என் அலுவலகச் சுவரில் பல வருஷம் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். ஆர்வத்தோடு படிக்கும் எளிய வீட்டுப் பிள்ளைகள், படிப்பதில் நாட்டமில்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட வாசிப்புத் தேர்வில் கூடுதலாக எடுத்திருந்தார்கள். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒரு பள்ளி செய்ய முடியுமா?

பெற்றோருக்கும் இதே பதில்தான், ஆனால் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவு மொழியான கிரியோல் பேசுகிறார்கள், பத்திரிகையில் பிரெஞ்சைப் பார்க்கிறார்கள், கோவிலில் தமிழ் கேட்கிறார்கள், தேர்வை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் பேசாத மொழியில் கேம்பிரிட்ஜ் வினாத்தாள் வருகிறது. எஸ்.சி. ஆங்கிலத்தில் முன்பின் பார்த்திராத பத்தியைக் கொடுத்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். அதற்கு அடுத்த உயர்நிலைத் தேர்வான எச்.எஸ்.சி.யின் ஜெனரல் பேப்பருக்கோ, உலக விஷயம் எதையாவது பற்றிச் சொந்தமாக யோசித்து எழுத வேண்டும். டியூஷன் மாஸ்டர் எத்தனை பழைய தாளைப் போட்டுக் காட்டினாலும், புதிதாக வரும் பத்தியைப் பிள்ளைதான் தனியாக எதிர்கொள்ள வேண்டும். எச்.எஸ்.சி.யில் முன்னணியில் தேறி அரசு உதவித்தொகை வாங்கும் "லாரியட்" ஆகப் பிள்ளை வர வேண்டும் என்று கனவு காணும் அப்பா அம்மாவிடம் இதைச் சொன்னால் காது கொடுப்பார்கள். ஆனால் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். மதிப்பெண் வரும் என்று சொல்லிக் கொடுக்கும் புத்தகம் அந்த நிமிஷமே பாடப்புத்தகமாகிவிடும்.

சரி, பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது? "படிக்க வைப்பது" என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான் வேலை. வகுப்பு முழுவதற்கும் சேர்த்து அதைச் செய்ய முடியாது, ஒவ்வொருவராகத்தான் முடியும். மெதுவான வேலை, ஆனால் நிலைக்கும்.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கிரேடு 9. டியூஷன் வேன் வரும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பான். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். எதைக் கொடுத்தாலும் "நோ மிஸ்" என்பான். ஒருநாள் என் பழைய ஸ்கூட்டி கிளம்பாமல் நின்றுவிட்டது. அவன் வந்து குனிந்து பார்த்து, "பூழி மிஸ்" என்றான். ஸ்பார்க் பிளக்கைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கவே நேரமாயிற்று. கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டினான். வண்டி கிளம்பியது. மறுநாள் மோட்டார் சைக்கிள் இன்ஜின் பற்றிய ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை, படம் நிறைந்தது, அவன் உட்காரும் மேசையில் விரித்து வைத்துவிட்டு நான் என் இடத்துக்குப் போய்விட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அது அப்படியே கிடந்தது. நான்காம் நாள் பக்கம் மாறியிருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு எடுத்துப் போனான். திருப்பிக் கொண்டுவந்தபோது ஓரங்களில் கிரீஸ் விரல் ரேகைகள். "மிஸ், எனா என் லோட்?" என்றான். இன்னொன்று இருக்கிறதா என்று அவன் கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் நான் அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிரீஸ் கறைக்கு அபராதம் கேட்கவில்லை.

பிறகு அவன் பெரிய இலக்கிய வாசகனாகிவிட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை. பந்தயக் கார் ஓட்டியவர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்குப் போனான், அங்கிருந்து ஓரிரு நாவல். அது போதாதா?

எனவே எது நல்ல புத்தகம் என்ற தராசைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வலமிருந்து இடமாகப் புரட்டும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பிரெஞ்சில் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிறார்கள். அவை உங்கள் நூலகத்தில் இருக்கட்டும். இங்கிலாந்துக் கால்பந்து அணிகள் என்றால் நம் பையன்கள் உயிரை விடுவார்கள். கால்பந்து வீரர்களின் கதை இருக்கட்டும். பேய்க்கதை இருக்கட்டும், சமையல் இருக்கட்டும். கிரியோலில் வந்த புத்தகம் இருந்தால் அதற்கும் ஒரு தட்டு. 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளில் கிரியோலும் பாடமாக இருக்கிறது, அதைப் படித்து வந்த பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டாயிரத்து எட்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய லெ கிளெசியோ நம் மொரீஷியஸ் குடியுரிமையும் உடையவர், இந்தத் தீவில் வேர் உள்ள குடும்பம். அந்தப் பெயரைப் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லுங்கள். ஆனால் அவரை முதல் புத்தகமாகக் கையில் திணித்துவிடாதீர்கள்.

இதோடு வாசித்துக் காட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போய் வாசித்துக் காட்டுவதா என்று நினைக்காதீர்கள். கிரேடு 10 பையன்கள், மீசை முளைத்தவர்கள், வாய் பிளந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷம் போதும். கதவு தட்டப்படுகிறது, யார் என்று தெரியவில்லை, அந்த இடத்தில் மணி அடிக்கும்படி பார்த்துக்கொண்டு புத்தகத்தை மூடி மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அது அங்கே இருக்காது.

இப்போது தமிழ் அலமாரி. உங்கள் மனதில் அதிகம் குறுகுறுப்பது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது, எனக்கும் அப்படித்தான். எனக்குத் தமிழ் கிடைத்ததே பாட்டியின் புண்ணியம். பிறகு உதவித்தொகையில் தமிழ்நாட்டில் போய்ப் படித்தேன். அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளைகளிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்?

சிக்கலை நேராகப் பார்ப்போம். உங்கள் கிரேடு 10 மாணவி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதினைந்து வயதுக்குரிய கதையைப் படிப்பாள். தமிழில் அவளால் தடையில்லாமல் படிக்க முடிவது ஏழெட்டு வயதுக் குழந்தைக்கான வரிகளைத்தான். வயதுக்கேற்ற தமிழ் நாவலைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூச்சு வாங்கும். திறமைக்கேற்ற படக்கதையைக் கொடுத்தால் மானம் போகும். தோழிகள் முன் அதைக் கையில் வைத்திருக்கக் கூசுவாள். இரண்டுக்கும் நடுவில் அவள் அந்த அலமாரிப் பக்கமே வராமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். சோம்பல் என்று நாம் திட்டுவது பல சமயம் இந்த வெட்கத்தைத்தான்.

இதற்கு நான் தற்செயலாகக் கண்ட வழி ஒன்று உண்டு. கோவிலில் சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் சாயங்காலத் தமிழ் வகுப்பில் ஒருநாள் ஆசிரியை வரவில்லை. காவடிக்குப் பால்குடம் கட்டும் வேலைக்கு வந்திருந்த என் மாணவி ஒருத்தியை, "கொஞ்ச நேரம் இந்தக் கதையைப் படித்துக் காட்டு" என்று உட்கார வைத்தேன். யானைக் கதை, பக்கத்துக்கு இரண்டு வரி. அவள் தடுமாறினாள். "வாழைப்பழம்" வந்ததும் "வாலைப்பலம்" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயது வாண்டு ஒன்று நாக்கை மடித்துக் காட்டி "ழ, அக்கா, ழ" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். போகும்போது அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டாள். அடுத்த வாரம் வந்து ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தாள். வீட்டில் எத்தனை முறை சத்தமாகப் படித்துப் பார்த்திருப்பாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நான் சொல்லியிருந்தால் ஒரு முறைகூடப் படித்திருக்க மாட்டாள். எளிய புத்தகம் அவளுக்காக இல்லை, குழந்தைகளுக்காக என்றானதும் கூச்சம் எங்கோ போய்விட்டது. அக்கா என்ற இடம் கிடைத்தது அவளுக்கு.

அதன்பின் அதையே ஏற்பாடாக்கினேன். பெரிய பிள்ளைகள் தமிழ்ப் படக்கதையை எடுத்துப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தம்பி தங்கை இருந்தால் வீட்டிலேயே. நீங்களும் பக்கத்து ஆரம்பப் பள்ளியோடோ கோவில் வகுப்போடோ பேசிப் பாருங்கள். புத்தகத்துக்குப் பணம் இல்லை என்றாலும் தொடங்கலாம். ப்ரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், அச்செடுக்கவும் அனுமதி உண்டு. ஒரே கதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தால் அதையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். அர்த்தம் தெரியாத சொல்லுக்கு அகராதி தேட வேண்டியதில்லை, பக்கத்துத் தாளைப் பார்த்தால் போதும்.

தமிழ் அலமாரியைக் கண்ணில் படும்படி செய்ய இன்னொரு சின்ன வேலை. புத்தகங்களை எண்களால் வகைப்படுத்தும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. ஒரு பிள்ளைக்கும் அது எதையும் சொல்லாது. நான் தட்டுகளுக்கு ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். "இது என்ன எழுத்து மிஸ்?" என்று கேட்ட பையனிடம், "உன் பாக்கெட்டில் இருக்கிறதே, எடுத்துப் பார்" என்றேன். நம் ரூபாய்த் தாளில் தமிழ் எண் இருப்பதை அவன் அதுவரை கவனித்ததே இல்லை. அன்று இடைவேளை முழுக்க ஒருவர் தாளை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு ரூபாய்த் தாளில் இருக்கிற முகம் யார் என்று அடுத்த கேள்வி வந்தது. ரெங்கநாதன் சீனிவாசன், நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்தவர், 1958-இல் மறைந்தார் என்று சொன்னேன். அவரைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கேள்வி பிறந்துவிட்டால் அலமாரிக்குத் தானாக வழி தெரியும்.

புதிய தமிழ்ப் புத்தகங்களுக்கு: யாராவது வீட்டைக் காலி செய்யும்போது மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள். உங்கள் அலமாரி இந்த நிலைக்கு வந்ததே அப்படிப்பட்ட மூட்டைகளால்தான் என்று நினைக்கிறேன். அதைவிட, டிசம்பர் விடுமுறையில் கல்யாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிற குடும்பங்கள் உங்கள் பெற்றோர் கூட்டத்திலேயே இருப்பார்கள். பொங்கலையொட்டி அங்கே புத்தகக் காட்சி நடக்கும். ஆளுக்கு இரண்டே இரண்டு புத்தகம் வாங்கி வரச் சொல்லுங்கள். என்ன வாங்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: மெல்லியதாக, எழுத்து பெரியதாக, படம் உள்ளதாக, சிறுகதை, நகைச்சுவை, துப்பறியும் கதை, சினிமா, விளையாட்டு. தடித்த அட்டைத் தொகுதிகள் வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக அதைத்தான் வாங்கி வருவார்கள்.

பெட்டி வந்து சேர்ந்ததும் நீங்களே பிரித்து, முத்திரை குத்தி, அடுக்கிவிடாதீர்கள். மழைக்கு ஒதுங்குகிறார்களே, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். புதுப் புத்தக வாசனையை முதலில் அவர்கள் முகரட்டும். நீங்கள் ஓரமாக நின்று, யார் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கீழே வைக்காமல் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளை உட்காரும் மேசையில் இருக்கட்டும்.